ஓய்வு பெற்று ஒன்பது மாதம், பதினொரு மணிக்கு மேல் நாள் நகர மாட்டேன் என்கிறது

சுத்தியல்61 எழுதியது:

வணக்கம். எனக்கு 61 வயது. 34 வருடம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தேன், கடைசி எட்டு வருடம் ஷிப்ட் பொறுப்பாளர். ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. பணத்துக்குப் பெரிய கஷ்டம் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை, அதனால் இதை ஒரு குறை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

வேலையை விடுவதற்கு முந்தைய வருடமே ஒரு நோட்டில் செய்ய வேண்டியதை எல்லாம் எழுதி வைத்தேன். மொத்தம் 14. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவதில் தொடங்கி, பழைய புகைப்படங்களை வருடவாரியாக அடுக்குவது, நீச்சல் கற்பது, தம்பி வீட்டில் போய் பத்து நாள் இருந்துவிட்டு வருவது வரைக்கும். முதல் மூன்று மாதத்தில் 11 முடிந்துவிட்டது. ஒவ்வொன்றையும் கோடு போட்டு அடிக்கும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் என்ன ஆனது என்று தெரியவில்லை, நோட்டைத் திறக்கவே மனம் வரவில்லை, மீதி மூன்றும் அப்படியே கிடக்கின்றன.

இப்போது காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடும், ஷிப்ட் பழக்கம். நடை, குளியல், செய்தித்தாள், வீட்டில் சின்னச் சின்ன கைவேலை எல்லாம் பத்தரைக்குள் முடிந்துவிடும். அப்புறம் பதினொன்று. அந்தப் பதினொரு மணிதான் எனக்குச் சிக்கல். தொழிற்சாலையில் அந்த நேரத்துக்கு இரண்டாவது ரவுண்ட் கிளம்புவேன், பேரிங் சூடேறியிருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்பேன், எந்த மோட்டார் எப்படிச் சத்தம் போடும் என்பது கண்ணை மூடிக்கொண்டால் கூடத் தெரியும். இப்போது கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சரி என்று டிவியைப் போட்டால் சாயங்காலம் வரை ஓடுகிறது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன், ராத்திரி ஒரு மணி ஆனாலும் தூக்கம் வருவதில்லை. படுத்துக்கொண்டு இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசித்தால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நாள் இழுத்துக்கொண்டு போகிறது, மாதம் மட்டும் எப்படியோ ஓடிவிடுகிறது.

மனைவியிடம் சொன்னால், "உங்களுக்கு நேரம் போகவில்லை, எனக்கு நேரம் போதவில்லை" என்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் ஏதாவது பொழுதுபோக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். பிடித்தது ஏன் மூன்றாவது மாதத்தில் கை நழுவிப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கோட்டோவியம் எழுதியது:

சார், ஆறு வருடத்துக்கு முன்னால் நான் இருந்த இருப்பை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நான் கணக்குப் பிரிவில் இருந்தேன், மாதக் கடைசி என்றால் மூச்சுவிட நேரம் இருக்காது, ஓய்வு பெற்ற பிறகு மாதக் கடைசி வந்தால் மட்டும் காரணமே இல்லாமல் படபடப்பாக இருக்கும்.

முதலில் ஒன்று, கூச்சப்பட வேண்டாம். ராபர்ட் ஆட்ச்லி என்ற சமூகவியலாளர் 1976-லேயே ஓய்வுக்காலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதினார். முதலில் தேனிலவு மாதிரி ஒரு காலம், அப்புறம் ஒரு ஏமாற்றம், பிறகு திசை பார்த்துத் திரும்புவது, அதற்குப் பிறகு ஒரு நிலைக்கு வருவது. எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்று இல்லை, சிலருக்கு ஏமாற்றம் வராமலே போகும். ஆனால் உங்கள் நோட்டில் அடித்த பதினொன்றும் அந்தத் தேனிலவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். கீலுக்கு எண்ணெய், புகைப்படம், தம்பி வீடு, எல்லாமே ஒரு தடவை செய்தால் தீர்ந்துபோகிற வேலை. தொழிற்சாலையில் உங்கள் ரவுண்ட் என்றைக்காவது தீர்ந்ததா? நாளைக்கும் அதே மோட்டார் உங்களுக்காக அங்கே இருக்கும். மரி யஹோடா என்ற உளவியலாளர் இதைத்தான் சொன்னார், வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு சட்டகம், வீட்டுக்கு வெளியே நாலு மனிதர்கள், பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பு, நான் இன்னார் என்ற அடையாளம், கைகாலுக்குத் தொடர்ந்து ஒரு வேலை, இத்தனையும் சேர்த்துத் தருகிறது. சம்பளத்துக்குப் பதிலாக ஓய்வூதியம் வந்துவிடுகிறது. மற்ற ஐந்துக்கு மாற்று ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதை யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். ஓவியம் கற்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் தனியாக உட்கார்ந்து வரைந்தேன், இரண்டு மாதம் போனது, பென்சில் பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது. பிறகு தெரிந்தவர் மூலமாக நாலு பேர் சேர்ந்து வரைகிற ஒரு இடத்துக்குப் போனேன். செவ்வாய், வெள்ளி, காலை பத்தரை. அங்கேயும் மூன்றாவது வாரம் சலிப்பு வந்தது. அப்போதுதான் தாள் வாங்கி அளவாக வெட்டிக்கொண்டு வருகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் போகாவிட்டால் நாலு பேருக்கும் தாள் இல்லை. அவ்வளவுதான் சார், அதற்குப் பிறகு நான் ஒரு செவ்வாய்க்கிழமையும் விட்டதில்லை, மழையானாலும் சரி, முழங்கால் வலியானாலும் சரி. ஓவியம் என்னைப் பிடித்துவைக்கவில்லை, அந்தத் தாள்தான் பிடித்துவைத்தது. அப்புறம் போகப் போக ஓவியமும் வந்தது. ஒரு கையை வரையக் கற்க எனக்கு ஐந்து மாதம் ஆனது, கட்டைவிரல் எங்கே முளைக்கிறது என்பதே 58 வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கஷ்டமான ஒன்றை எடுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டெனிஸ் பார்க் என்பவரின் குழு 2014-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 60 வயது தாண்டியவர்களில் ஒரு சாராருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையும் துணி ஒட்டுத் தையலும் கற்றுத் தந்தார்கள், மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். இன்னொரு சாரார் சேர்ந்து பேசிப் பழகி விளையாடினார்கள், புதிதாக எதையும் கற்கவில்லை. கற்றவர்களுக்குத்தான் நினைவாற்றல் கூடியிருந்தது. பேசிச் சிரிப்பதும் நல்லதுதான், ஆனால் நமக்குத் தெரியாத ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிப்பதில் வேறொரு பலன் இருக்கிறது.


இரண்டாம்மாடி எழுதியது:

அண்ணா, மேலே அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் உங்கள் மனைவி சொன்ன அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது.

யஹோடா பெயர் வந்ததால் சொல்கிறேன். அவரும் இன்னும் இருவரும் 1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சின்ன ஊரில் போய் ஆய்வு செய்தார்கள், ஊருக்கே சோறு போட்ட ஆலை மூடிப்போயிருந்தது. அது வறுமையில் வந்த வேலையின்மை, உங்கள் நிலைமை வேறு, தெரியும். ஆனால் நேரத்தைப் பற்றி அவர்கள் பார்த்தது அப்படியே பொருந்துகிறது. கையில் இவ்வளவு நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நடுவில் நடுவில் நின்றார்கள், பெரும்பாலோர் கடிகாரம் எடுத்துப் போவதையே விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து மதியம் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்களோ வேகமாக நடந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேலை போகவில்லை, சம்பளம் மட்டும்தான் போனது, வீட்டு வேலை அப்படியே இருந்தது. ஒரே வீட்டில் ஒருவருக்கு நேரம் வழிகிறது, இன்னொருவருக்கு முழங்கை மடக்க நேரம் இல்லை.

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது எனக்கு வேலை கூடியது, குறையவில்லை. நாள் முழுக்க ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் நகர்த்துகிற பொருள், கேட்கிற கேள்வி, எல்லாம் சேர்ந்து அது தனி வேலை. "உதவட்டுமா?" என்று வேறு வந்து நிற்பார். உதவட்டுமா என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை நான்தான் யோசித்துச் சொல்ல வேண்டும், யோசிக்கிற பாரம் என்னிடமே இருக்கிறது. ஒரு நாள் கோபத்தில் சொன்னேன், உதவி வேண்டாம், ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் அதை மறந்துபோகிற அளவுக்கு. துணியை எடுத்துக்கொண்டார். பிரிப்பது, துவைப்பது, காயப்போடுவது, மடிப்பது, பொத்தான் விட்டுப்போனால் தைப்பது, சோப்புத்தூள் தீரப்போகிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது வரை. முதல் மாதம் வெள்ளைச் சட்டை இரண்டு நீலமானது. நான் வாயைத் திறக்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன், அதுதான் என் பங்கு. இப்போது சட்டைக் காலரை மடிக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும், உள்பக்கமாக விரலை ஓட்டி நீவிவிட்டுத்தான் மடிப்பார்.

இதில் எனக்குக் கிடைத்தது, மதியம் மூன்றிலிருந்து நாலு வரை ஒரு மணி நேரம். 33 வருடக் குடித்தனத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் படித்த முதல் மணி நேரம் அது. அண்ணா, உங்கள் மனைவிக்கு ஓய்வு பெறும் தேதி என்று ஒன்று இல்லை. உங்கள் பதினொரு மணியில் கொஞ்சம் அவருக்குப் போகட்டும்.


தசைநார் எழுதியது:

நான் பிசியோதெரபி செய்பவன், வயதானவர்களோடுதான் என் வேலை. மனசு பக்கம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் உடம்புக்கு மட்டும் சொல்கிறேன்.

ராத்திரி தூக்கம் வராததற்கு மதியத் தூக்கம்தான் முதல் சந்தேகம். விழித்திருக்கிற ஒவ்வொரு மணிக்கும் தூக்கத்தின் பசி கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினால் அந்தப் பசியை அங்கேயே ஆற்றிவிடுகிறீர்கள். 20, 30 நிமிடம், மூன்று மணிக்கு முன்னால், அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். பகலில் வெளியே வெளிச்சத்தில் இருப்பதும் உடம்புக் கடிகாரத்துக்கு உதவும்.

நடக்கிறேன் என்கிறீர்கள், நல்லது. உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். ஆனால் என்னிடம் வருபவர்களில் பலர் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும், 65 தாண்டினால் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து மூன்று நாள். இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வயது ஆணுக்கு 14-க்குக் கீழே வந்தால் சராசரியை விடக் குறைவு, தொடை வேலை கேட்கிறது என்று பொருள். முட்டி வலியோ தலைசுற்றலோ இருந்தால் தனியாகச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கடந்து போகாதீர்கள். முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லை, பசி குறைகிறது, நாம் இருந்து என்ன என்று தோன்றுகிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ஓய்வுக்காலச் சலிப்பு என்று நினைத்துக்கொண்டு இருக்க வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். வயதானால் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, சரி செய்யக்கூடிய ஒன்றைச் சுமந்துகொண்டே இருந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.


பழையமரம் எழுதியது:

தம்பி, எனக்கு 79. இங்கே எல்லோரும் நாளை நிரப்புவதற்கு வழி சொல்கிறார்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவர்களிடம் யாராவது "என்ன செய்கிறீர்கள்" என்று கேட்டால் உடனே "ஒரு நிமிஷம் நேரம் இல்லை" என்று சொல்கிறோமே, அது ஏன் என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? டேவிட் எக்கெர்ட் என்ற ஆய்வாளர் 1986-ல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். வேலை செய்த காலத்து நெறியை ஓய்விலும் இழுத்துக்கொண்டு வந்து, சும்மா இல்லை நான், பரபரப்பாகத்தான் இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டால்தான் ஓய்வு நியாயம் என்று நமக்குப் படுகிறதாம். நானும் பத்து வருடம் அப்படி ஓடினேன். இரண்டு சங்கம், மூன்று குழு, எங்கே கூப்பிட்டாலும் போவது. 71 வயதில் இடுப்பு எலும்பு உடைந்து மூன்று மாதம் படுத்தபோதுதான் தெரிந்தது, இதில் பாதிக்கு மேல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

இப்போது சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்காருகிறேன். நீங்கள் பதினொரு மணிக்கு உட்காருவதும் நான் ஐந்து மணிக்கு உட்காருவதும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் என்னுடையது நானாகத் தேர்ந்துகொண்டது, அந்த ஒரு மணிக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன். உங்களுடையது மிச்சம் விழுந்த நேரம். அது கசக்கத்தான் செய்யும்.

நான் மரவேலை செய்பவன். நாற்காலி, அலமாரி எல்லாம் செய்த கை. இப்போது விரல் நடுங்குகிறது, இழைப்புளியைத் தொடுவதில்லை. கரண்டி மட்டும் செதுக்குகிறேன், மாதத்துக்கு ஒன்று. ரூபின்ஸ்டைன் என்ற பெரிய பியானோ கலைஞர் 80 வயதிலும் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்குச் சொன்னாராம், குறைந்த உருப்படிகளையே எடுக்கிறேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான பகுதிக்கு முன்னால் கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறேன், அப்போது வேகம் வேகமாகவே கேட்கும். மூப்பை ஆராய்ந்த பால் பால்டெஸ் இதை வைத்துத்தான் தன் கருத்தை விளக்குவார். என் கரண்டியும் அதே கணக்குதான். குழிவான பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டேன், பெருவிரலை உள்ளே வைத்துச் சுழற்றினால் எங்கே மேடு என்று தெரிந்துவிடும்.

ஆட்கள் விஷயத்திலும் அப்படியே. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் சொல்கிறார், முன்னால் இருக்கிற காலம் குறைகிறது என்று உணரும்போது மனிதர்கள் புது ஆட்களின் பழக்கத்தைத் தேடுவதைக் குறைத்து, மனசுக்கு நெருக்கமான சிலரோடு இருக்கவே விரும்புகிறார்கள். அதனால் நட்பு வட்டம் சுருங்குகிறதே என்று பயப்பட வேண்டாம், உள்வட்டம் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் செட்டில் எட்டுப் பேர், இப்போது இருவர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவன் எனக்குப் போன் செய்வான், அடுத்த ஞாயிறு நான் அவனுக்கு. பேச ஒன்றும் இல்லாத ஞாயிறும் உண்டு, அப்போதும் பத்து நிமிடம் லைனில் இருப்போம்.

நாள் நீளம், மாதம் குட்டை என்றீர்களே. ஒரே மாதிரி நாட்கள் நடக்கும்போது ஊர்ந்துதான் போகும். பின்னால் திரும்பிப் பார்க்கும்போது மனசு புதிதாக நடந்தவற்றை வைத்துத்தான் காலத்தை அளக்கிறது, அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் முப்பது நாளும் ஒரே நாளாகச் சுருண்டுவிடுகிறது. உங்கள் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை.


சுத்தியல்61 எழுதியது (மூன்று வாரத்துக்குப் பிறகு):

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு மூன்று தடவை படித்தேன்.

முதலில் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மனைவியிடம் எந்த வேலையை முழுசாகக் கொடுப்பாய் என்று கேட்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பாத்திரம் என்றாள். அதை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ராத்திரி கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறேன், அந்த நேரத்தில் அவள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். 35 வருடத்தில் அந்த நேரத்தில் அவளை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் மனசே சரியில்லை.

இரண்டாவது, கோட்டோவியம் அம்மா சொன்ன தாள் மனசை விட்டுப் போகவில்லை. எனக்காக எது காத்திருக்கும் என்று யோசித்தேன். நடக்கிற வழியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, வாசலில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ள முடியாமல் ஒரு பெண் முன்சக்கரத்தைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தால் 19 நாற்காலி, அதில் ஏழு இப்படித்தான். முன்சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் சுற்றிச் சுற்றி இறுகி பேரிங் வரைக்கும் போயிருக்கிறது. திங்கள், வியாழன், பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அந்த மணியை வேண்டுமென்றேதான் தேர்ந்தேன். சின்ன இடுக்கியால் முடியை இழை இழையாக இழுத்து எடுத்து, துடைத்து, கொஞ்சம் கிரீஸ் வைத்து விரலால் சுண்டினால் சக்கரம் சத்தமில்லாமல் சுற்றும். நாலு முடித்திருக்கிறேன். பிரேக் பிடிக்காதவை இன்னும் பார்க்கவில்லை, அதுதான் ஆபத்து, முதலில் அதைச் செய்திருக்க வேண்டும்.

நாற்காலிச் சோதனையில் 12 வந்தது. அதற்கும் வேலை நடக்கிறது. மதியத் தூக்கம் 40 நிமிடத்துக்கு வந்திருக்கிறது, ராத்திரி பதினொன்றரைக்குத் தூங்கிவிடுகிறேன். புதன்கிழமை இன்னும் பழைய மாதிரிதான் இருக்கிறது, டிவிதான். பெரியவர் சொன்னபடி அதை நிரப்பாமல் விடலாமா, நானாகத் தேர்ந்த நேரமாக மாற்ற முடியுமா என்று பார்க்கிறேன்.

அங்கே ஒரு அம்மா இருக்கிறார், ஏழாவது நாற்காலி அவருடையது. நான் உள்ளே நுழையும்போதே, "என்னுடையது என்றைக்கு?" என்று கேட்கிறார்.


கோட்டோவியம் எழுதியது:

சார், படித்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று. 1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த ஆய்வு இருக்கிறது. ஒரு தளத்தில் இருந்தவர்களுக்கு ஒரு செடியைக் கொடுத்து, பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்றார்கள், இன்னும் சில முடிவுகளையும் அவர்கள் கையிலேயே விட்டார்கள். இன்னொரு தளத்திலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றியது பணியாளர்கள். தாங்களே பார்த்துக்கொண்டவர்கள்தான் தெம்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். அதனால் அந்த அம்மாவின் நாற்காலியை எடுத்துப் போய்ச் சரிசெய்து கொண்டுவந்து தராதீர்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கழற்றுங்கள், நட்டை அவர் கையில் கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள், எந்தச் சக்கரம் முதலில் என்று அவரையே கேளுங்கள்.


சுத்தியல்61 எழுதியது:

சரிம்மா. திங்கட்கிழமை இரண்டு இடுக்கி எடுத்துப் போகிறேன், ஒன்று அவருக்கு.